கொலஸ்ட்ராலைக் குறைக்க எண்ணெயை மாற்றுவதா, தாது மாத்திரை வாங்குவதா?

ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படுவது) 140, 150 என்று வந்ததும் பலரும் யோசிப்பது இரண்டு வழிகளைத்தான். ஒன்று, சாப்பாட்டில் சேரும் கொழுப்பின் வகையை மாற்றுவது. மற்றொன்று கால்சியம், மக்னீசியம், குரோமியம், துத்தநாகம் என்று ஏதாவது ஒரு தாது மாத்திரையை வாங்கிப் போடுவது. இரண்டாவது வழியில் சமையலறைப் பக்கமே போக வேண்டியதில்லை என்பதால் அதன் மீது ஆசை அதிகம். ஆனால் இரண்டும் எல்டிஎல்லை எவ்வளவு குறைக்கும் என்று எண்ணில் எழுதிப் பார்த்தால் வித்தியாசம் பெரிது. கொழுப்பை மாற்றினால் 10 முதல் 15 வரை குறைய வாய்ப்புண்டு. தாதுக்களில் ஓரளவு ஆதாரம் உள்ள கால்சியமே 4 அல்லது 5 குறைத்தால் அதிகம். மற்றவை, உடலில் குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்யும். குறைபாடு இல்லாதவருக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது. துத்தநாகம் அளவு மீறினால் நிலைமையை மோசமாக்கவும் செய்யும்.

இங்கே வரும் அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. அறிக்கை மில்லிமோலில் இருந்தால் கொலஸ்ட்ரால் அளவுகளை 38.67ஆலும் டிரைகிளிசரைடை 88.57ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எங்கே வேலை நடக்கிறது

ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடலே தயாரிப்பது. அதை ரத்தத்திலிருந்து எடுத்து அப்புறப்படுத்தும் வேலை கல்லீரலுடையது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ள எல்டிஎல் ஏற்பிகள் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகுந்த நிறைவுற்ற கொழுப்பை அதிகமாகச் சாப்பிட்டால் இந்த ஏற்பிகளின் செயல்பாடு குறைகிறது, துகள்கள் ரத்தத்திலேயே தங்குகின்றன. சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் மிகுந்த பல்நிறைவுறாக் கொழுப்பு இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் ஏற்பிகள் மந்தமாகும். அந்த ஹார்மோனைச் செய்ய வேண்டிய அயோடின் கதைக்குள் வருவது இந்த வழியாகத்தான்.

இரண்டாவது இடம் குடல். கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலங்களைச் செய்கிறது. குடலுக்குள் போகும் பித்த அமிலத்தில் சுமார் 95% மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். அந்தச் சுழற்சியில் ஏதாவது ஒன்று குறுக்கிட்டுப் பித்த அமிலத்தை மலத்தோடு வெளியேற்றினால், புதிதாகச் செய்வதற்குக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுக்க வேண்டிவரும். கரையும் நார்ச்சத்து இப்படித்தான் உதவுகிறது. கால்சியத்துக்கும் இங்கே சிறு பங்கு உண்டு.

ஆகவே ஒரு பொருள் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால், கல்லீரலின் ஏற்பியைத் தொடுகிறதா, குடலில் எதையாவது தடுக்கிறதா என்று கேளுங்கள். விளம்பரத்தில் வரும் பாதிப் பொருட்கள் இந்தக் கேள்வியிலேயே கழிந்துபோகும்.

நிறுத்துவது பாதி, அந்த இடத்தில் வைப்பது மீதி

"நெய்யை நிறுத்திவிட்டேன், வெண்ணெயை நிறுத்திவிட்டேன்" என்பது முழுத் தகவல் ஆகாது. நிறுத்திய கலோரிக்குப் பதிலாக எது வந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட, 84 உணவுச் சோதனைகளைத் தொகுத்த ஆய்வு இதைத் தெளிவான எண்களாகத் தருகிறது. நாளின் மொத்தக் கலோரியில் 1% அளவு நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பல்நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் எல்டிஎல் சுமார் 2.1 குறைகிறது. ஆலிவ், கடலை எண்ணெய்களில் மிகுந்த ஒற்றை நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் 1.6. மாவுச்சத்தை வைத்தால் 1.3. அந்தக் கடைசி மாற்றத்தில் நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லும் குறைகிறது, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறுகிறது.

1% என்பது எவ்வளவு? ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 20 கலோரி, அதாவது 2.2 கிராம் கொழுப்பு. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம்.

நாளுக்கு 30 கிராம் நெய், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல், சேர்த்துக்கொள்பவர் ஒருவர். அதில் நிறைவுற்ற கொழுப்பு 18.5 கிராம் இருக்கும். அதே 30 கிராமை சூரியகாந்தி எண்ணெயாக மாற்றினால் நிறைவுற்றது 3 கிராம் சொச்சமாகிவிடும். குறைந்தது 15 கிராம். கலோரியில் ஏறத்தாழ 7%. எல்டிஎல் சுமார் 14 இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். கடலை எண்ணெயாக மாற்றினால் 11 போல இறங்கும். நெய்யை விட்டுவிட்டு அந்தக் கலோரியைச் சர்க்கரையும் மைதாவுமாக ஈடுகட்டினால் எல்டிஎல் 9 போல இறங்கும். கூடவே எச்டிஎல் 4 குறைந்து, டிரைகிளிசரைடு 10க்கு மேல் ஏறும். "கொழுப்பே தொடுவதில்லை" என்பவர்களின் அறிக்கையில் எல்டிஎல் கொஞ்சம் சரியாகி டிரைகிளிசரைடு தாறுமாறாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. நல்ல எண்ணெய் என்று கேள்விப்பட்டு, பழைய கொழுப்பை அப்படியே வைத்துக்கொண்டு புதியதை மேலே சேர்ப்பது. அதில் மாற்றீடு எதுவும் இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120 கலோரி கூடுகிறது, அவ்வளவுதான்.

எண்ணெய்களை வரிசைப்படுத்தினால்

100 கிராமில் தோராயமாக எத்தனை கிராம் என்பது இது. விளைச்சலையும் ரகத்தையும் பொறுத்துச் சில கிராம் கூடும், குறையும்.

| கொழுப்பு | நிறைவுற்றது | ஒற்றை நிறைவுறாதது | பல்நிறைவுறாதது |
|---|---|---|---|
| கனோலா எண்ணெய் | 7 | 63 | 28 |
| சூரியகாந்தி எண்ணெய் | 11 | 20 | 66 |
| ஆலிவ் எண்ணெய் | 14 | 73 | 11 |
| நல்லெண்ணெய் | 14 | 40 | 42 |
| சோயா எண்ணெய் | 16 | 23 | 58 |
| கடலை எண்ணெய் | 17 | 46 | 32 |
| தவிட்டு எண்ணெய் | 20 | 39 | 35 |
| பாமாயில் | 49 | 37 | 9 |
| வெண்ணெய் | 51 | 21 | 3 |
| நெய் | 62 | 29 | 4 |
| தேங்காய் எண்ணெய் | 82 | 6 | 2 |

வெண்ணெயின் எண்கள் நெய்யைவிடக் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் அதிலிருக்கும் நீர்தான். கொழுப்பின் தன்மை இரண்டிலும் ஒன்றே.

அட்டவணையின் மேல்பாதியில் எதை எடுத்தாலும் எல்டிஎல்லில் வித்தியாசம் அதிகம் இல்லை. கனோலாவுக்கும் நல்லெண்ணெய்க்கும் இடையே மண்டையை உடைத்துக்கொள்வது வீண். கீழ்ப்பாதியிலிருந்து மேல்பாதிக்கு வருவதுதான் பலன் தரும் நகர்வு. மேல்பாதிக்குள் எது என்பதைச் சமையல் முறையை வைத்து முடிவுசெய்யலாம். பல்நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய்கள் அதிக வெப்பத்தில், அதுவும் மீண்டும் மீண்டும் சூடாக்கும்போது, சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடும். எனவே பொரிப்பதற்கு ஒற்றை நிறைவுறாதது மிகுந்த சுத்திகரித்த எண்ணெய் பொருந்தும். தாளிக்கவும் வதக்கவும் சூரியகாந்தி, சோயா போதும். சூரியகாந்தியிலேயே ஒலியிக் அமிலம் என்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு அமிலம் மிகுந்த ரகம் ஒன்று உண்டு. அதில் ஒற்றை நிறைவுறாதது 80% அளவுக்கு இருக்கும். புட்டியில் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளிருப்பது வேறு. ஊட்டச்சத்துப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். பொரித்த எண்ணெய் கறுத்தோ, நுரைத்தோ, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தோ போனால் அதைக் கொட்டிவிட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பற்றிய வாதம் ஓய்வதில்லை, எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலம். லாரிக் அமிலம் எல்டிஎல்லையும் உயர்த்தும், எச்டிஎல்லையும் உயர்த்தும். 16 சோதனைகளைத் தொகுத்து 2020இல் வந்த ஓர் ஆய்வில், வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெயில் எல்டிஎல் சுமார் 10 கூடுதலாகவும் எச்டிஎல் 4 கூடுதலாகவும் இருந்தன. "எச்டிஎல்லும் ஏறுகிறதே, சரியாகிவிடும்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது. மருந்துகளால் எச்டிஎல்லை மட்டும் உயர்த்திப் பார்த்த பெரிய சோதனைகளில் மாரடைப்பு குறையவில்லை. எல்டிஎல்லைக் குறைத்தால் குறைகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளின் சோதனைத் தொகுப்புக் கணக்குப்படி எல்டிஎல் 39 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு என்பதால் தேங்காய் எண்ணெய் நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்ற வாதமும் பாதி உண்மைதான். அது 8, 10 கார்பன் அமிலங்களுக்குப் பொருந்தும். 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலத்தில் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பு போகும் வழியிலேயே போகிறது.

நிறைவுற்றவற்றில் விதிவிலக்கு ஸ்டியரிக் அமிலம். அது எல்டிஎல்லை ஏறத்தாழ அசைப்பதில்லை. கொக்கோ வெண்ணெயில் இது நிறைய உண்டு. ஆனால் அதே பொருளில் எல்டிஎல்லை உயர்த்தும் பால்மிட்டிக் அமிலமும் சேர்ந்தே வருவதால் நடைமுறையில் இந்த விதிவிலக்கை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

எண்ணெயைப் பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்து கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பில் ஒப்பிட எதுவும் இல்லை, தவிர்க்க வேண்டியதுதான். 1990இல் நெதர்லாந்தில் மென்சிங்க், கேட்டன் இருவரும் நடத்திய சோதனையில், கலோரியில் 10% அளவு ஒலியிக் அமிலத்துக்குப் பதில் டிரான்ஸ் கொழுப்பைக் கொடுத்தபோது எல்டிஎல் 14 ஏறியது, எச்டிஎல் 7 இறங்கியது. இரண்டு பக்கமும் கெடுக்கும் கொழுப்பு இது ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு கலோரியில் 1%க்குக் கீழே, அதாவது 2000 கலோரிக்கு 2.2 கிராம். பொட்டலத்தின் பின்புறம் "பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த" என்ற சொல் இருந்தால் டிரான்ஸ் இருக்கிறது என்று பொருள். சில நாடுகளில், ஒரு பரிமாறலுக்கு அரை கிராமுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ள விதி இடம் தருகிறது. நாலைந்து பரிமாறல் சாப்பிடுபவருக்கு அந்தப் பூஜ்யம் பூஜ்யமல்ல.

முட்டையைப் பற்றிய பயம் இதோடு ஒப்பிட்டால் சிறியது. ஒரு முட்டையில் 190 மி.கி. அளவு கொலஸ்ட்ரால் உண்டு. தினம் ஒன்று கூடினால் ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக 4 போல ஏறும். அமெரிக்க உணவு வழிகாட்டி நாளுக்கு 300 மி.கி. என்ற பழைய வரம்பை 2015 பதிப்பில் எடுத்துவிட்டது. ஆனால் சராசரி என்பது சராசரிதான். சிலருக்குக் குடல் உறிஞ்சுவது அதிகம், அவர்களுக்கு ஏற்றமும் அதிகம்.

மீன் எண்ணெய் மாத்திரையை எல்டிஎல்லுக்காக வாங்குவது இலக்குத் தவறிய செலவு. ஒமேகா-3 டிரைகிளிசரைடைக் குறைக்கும். அதுவும் இபிஏ, டிஎச்ஏ என்ற மீன் எண்ணெய் ஒமேகா-3 வகைகளை நாளுக்கு 2 முதல் 4 கிராம் எடுக்கும் மருந்தளவில். எல்டிஎல்லைக் குறைக்காது, டிஎச்ஏ சிலருக்குச் சற்று உயர்த்தவும் செய்யும். அந்த அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும் வாய்ப்பும் கூடுவதால் மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

பாலாடைக்கட்டி தரும் துப்பு

கொழுப்புக்கும் தாதுவுக்கும் இடையே ஒரு சுவாரசியமான சந்திப்பு உண்டு. ஒரே அளவு பால்கொழுப்பை ஒரு காலகட்டத்தில் வெண்ணெயாகவும் இன்னொன்றில் பாலாடைக்கட்டியாகவும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், பாலாடைக்கட்டி சாப்பிட்டபோது எல்டிஎல் சுமார் 6% குறைவாக இருந்தது. நிறைவுற்ற கொழுப்பு இரண்டிலும் சமம். பின் ஏன்?

முக்கியமாக இரண்டு விளக்கங்கள். முதலாவது கால்சியம். குடலில் கால்சியம் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து கரையாத சோப்பாக மாறுகிறது. அந்தச் சோப்பு உறிஞ்சப்படாமல் மலத்தில் போய்விடும். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து பித்த அமிலங்களில் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்கின்றன. இரண்டாவது, பால்கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு. வெண்ணெய் கடையும்போது இந்தச் சவ்வு பெரும்பாலும் உடைந்து மோரோடு போய்விடுகிறது. பாலேட்டில் அப்படியே இருக்கிறது. 2015இல் சுவீடனில் 8 வாரம் நடந்த ஒரு சோதனையில் நாளுக்கு 40 கிராம் பால்கொழுப்பைப் பாலேடாகச் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் உயரவில்லை; சவ்வு நீக்கிய வெண்ணெய்க் கொழுப்பாகச் சாப்பிட்டவர்களுக்கு உயர்ந்தது.

இதிலிருந்து பாலாடைக்கட்டி எல்டிஎல்லைக் குறைக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. வெண்ணெயைவிடக் குறைவாக உயர்த்தும், அவ்வளவுதான். தாவர எண்ணெயோடு போட்டியிட்டால் தோற்றுவிடும்.

தாதுக்களை ஒவ்வொன்றாக

கால்சியத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்தப் பட்டியலில் ஓரளவு தேறுவது அதுதான். மாத்திரை கொடுத்து நடந்த சோதனைகளின் தொகுப்பில் எல்டிஎல் 4 முதல் 5 வரை இறங்குகிறது. எச்டிஎல் 2 போல ஏறுகிறது. வழக்கமான அளவு நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. மேலே போட்ட நெய்க் கணக்கில் எண்ணெய் மாற்றம் 11 முதல் 14 வரை தந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்குப் பலனுக்குத் தினமும் இரண்டு பெரிய மாத்திரை.

எலும்புக்காகவோ, பால் பொருட்கள் சேர்க்காததாலோ எப்படியும் கால்சியம் தேவைப்படுபவர் என்றால் இந்தச் சிறு பலன் இனாம். அப்போது எப்படி எடுப்பது என்பது முக்கியம். கால்சியம் கார்பனேட்டில் 40% தான் கால்சியம், 1250 மி.கி. மாத்திரையில் 500 மி.கி. கிடைக்கும். சிட்ரேட்டில் 21%. ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் உறிஞ்சும் விகிதம் குறையும். கொழுப்போடு சேர்ந்து சோப்பாக வேண்டுமானால் உணவோடுதான் எடுக்க வேண்டும். கார்பனேட் கரைய வயிற்று அமிலமும் வேண்டும் என்பதால் வெறும் வயிற்றில் போடுவது இரு வகையிலும் வீண். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு சிட்ரேட் நல்லது. தைராக்ஸின் மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை, சில நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகள் ஆகியவற்றோடும் சேர்க்கக் கூடாது.

கெடுதலும் உண்டு. மலச்சிக்கல் சாதாரணம். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த பெரிய சோதனை ஒன்றில் 1000 மி.கி. கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17% கூடுதலாக வந்தது. ஏற்கெனவே கல் வந்தவர் கொலஸ்ட்ராலுக்காக இதைத் தொடவே வேண்டாம். உணவும் மாத்திரையும் சேர்ந்து 50 வயதுக்கு மேல் நாளுக்கு 2000 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

மக்னீசியம் பற்றிப் பேச்சு அதிகம், பலன் குறைவு. "இயற்கை ஸ்டாட்டின்" என்று சிலர் எழுதுவதற்குக் காரணம், கொலஸ்ட்ரால் தயாரிப்பு நொதியை அடக்கும் வேலையில் மக்னீசியமும் பங்கேற்கிறது என்பதுதான். ஒரு வேதிவினையில் பங்கேற்கிறது என்பதால் கூடுதலாகக் கொடுத்தால் வினை கூடும் என்று ஆகாது. சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால் எல்டிஎல்லில் நம்பத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஸ்டாட்டின் 30 முதல் 50% குறைக்கும். இதை அதோடு வைத்துப் பேசுவதே தவறு. மாத்திரையாக 350 மி.கி.க்கு மேல் போனால் பேதி வரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மக்னீசியம் ரத்தத்தில் தேங்கி ஆபத்தாகும்.

குரோமியம் அதற்கும் கீழே. நீரிழிவு இல்லாதவர்களிடம் கொழுப்பு அளவுகளில் மாற்றம் காட்டவில்லை. செலீனியத்தில் ஒரு நல்ல முடிவு உண்டு: செலீனியம் குறைவாக இருந்த பிரிட்டிஷ் முதியோரிடம் நாளுக்கு 100 அல்லது 200 மைக்ரோகிராம் கொடுத்தபோது மொத்தக் கொலஸ்ட்ரால் 9 போல இறங்கியது. ஆனால் உடலில் போதிய அளவு உள்ளவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டால் நீரிழிவு வாய்ப்பு கூடலாம் என்ற சந்தேகம் வேறு ஆய்வுகளில் எழுந்திருக்கிறது. அளவு தெரியாமல் எடுக்கும் பொருள் இல்லை இது.

துத்தநாகம்தான் உண்மையில் எச்சரிக்கை தேவைப்படும் தாது. சளிக்கு, நோய் எதிர்ப்பு சக்திக்கு, முடிக்கு என்று பல காரணங்களுக்காகப் பலர் மாதக்கணக்கில் 50 மி.கி. மாத்திரை போடுகிறார்கள். பெரியவர்களுக்கு நாளின் மேல்வரம்பு 40 மி.கி. அதிக துத்தநாகம் குடல் செல்களில் மெட்டலோதையோனின் என்ற புரதத்தைத் தூண்டுகிறது. அந்தப் புரதம் தாமிரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். செல் உதிரும்போது தாமிரமும் சேர்ந்து வெளியேறிவிடும். தாமிரக் குறைபாடு வந்தால் ரத்தசோகை, நரம்புப் பாதிப்பு ஆகியவற்றோடு கொலஸ்ட்ராலும் கெடலாம். 1980இல் 12 ஆரோக்கியமான ஆண்களுக்கு நாளுக்கு 440 மி.கி. துத்தநாக சல்பேட் ஐந்து வாரம் கொடுத்த சோதனையில் அவர்களின் எச்டிஎல் 25% சரிந்தது. எச்டிஎல் திடீரென்று விழுந்து காரணம் புரியாதபோது, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்ற பட்டியலை மருத்துவரிடம் காட்டுவது பயன் தரும்.

அயோடினை யாரும் கொலஸ்ட்ரால் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் உண்மையான குறைபாடு இருக்கும் இடத்தில் அதிக வித்தியாசம் தருவது அதுவாக இருக்கலாம். பெரியவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். நீண்ட காலம் கிடைக்காமல் தைராய்டு தளர்ந்தால் எல்டிஎல் ஏறும். சாப்பாடு மாறாமல் எல்டிஎல் மட்டும் உயர்ந்திருக்கிறது, உடல் சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை இருக்கிறது என்றால் எண்ணெயையும் மாத்திரையையும் பற்றி யோசிக்கும் முன் தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு குறைபாட்டால் வந்த எல்டிஎல்லை எண்ணெயை மாற்றி விரட்ட முடியாது. அதற்காக அயோடினை அள்ளிப் போடவும் கூடாது. அதிக அயோடினும் தைராய்டைக் கெடுக்கும்.

சோடியம், பொட்டாசியம் இரண்டும் ரத்த அழுத்தத்தின் விவகாரம். எல்டிஎல்லுக்காக அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

எதையாவது விழுங்கியே தீருவேன் என்றால்

தாதுவைவிட நார்ச்சத்து மேல். இசப்கோல் உமி நாளுக்கு 10 கிராம் எடுத்தால் எல்டிஎல் சராசரியாக 13 போல இறங்கும். ஓட்ஸ், பார்லியில் உள்ள பீட்டா குளுக்கான் 3 கிராம் எடுத்தால் 10 போல. உமியை ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மற்ற மருந்துகளுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் விடுங்கள். முதல் வாரம் 3 கிராமில் தொடங்கி ஏற்றினால் வாயுத் தொல்லை குறையும். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் தாவர ஸ்டெரால் நாளுக்கு 2 கிராம் எடுத்தால் 8 முதல் 10% குறையும், அதுவும் உணவோடுதான்.

கொட்டைகளும் இதே வரிசையில் நிற்கின்றன. 25 சோதனைகளைத் தொகுத்த 2010ஆம் ஆண்டு ஆய்வில் நாளுக்குச் சராசரி 67 கிராம் கொட்டைகள் எல்டிஎல்லை 10 குறைத்தன. 67 கிராம் கிட்டத்தட்ட 400 கலோரி. இங்கேயும் எதையாவது எடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

யாருக்கு எந்த வழி

எல்டிஎல் 130க்கும் 160க்கும் இடையில், வேறு நோய் இல்லை என்றால் எண்ணெய் மாற்றமும் நார்ச்சத்தும் முதலில். இரண்டும் சேர்ந்து 20 போலக் குறைத்தால் பலருக்கு அதுவே போதும். டிரைகிளிசரைடு 200க்கு மேல், எல்டிஎல் அவ்வளவு அதிகமில்லை என்றால் கொழுப்பின் வகையை மாற்றுவது இரண்டாம்பட்சம். சர்க்கரை, சுத்திகரித்த மாவு, மது ஆகியவற்றைக் குறைப்பதில்தான் பலன். மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்து வெண்ணெய், நெய் என்று ஏற்றிய ஒல்லியானவர்களில் சிலருக்கு எல்டிஎல் ஒரேயடியாக எகிறுவதுண்டு. அவர்கள் கொழுப்பைத் தாவர எண்ணெய்க்கும் கொட்டைகளுக்கும் மாற்றிப் பார்ப்பது முதல் வேலை.

எல்டிஎல் 190ஐத் தாண்டினால் மரபுவழி மிகைக் கொலஸ்ட்ரால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே ஏற்பியே பழுதாக இருக்கும். உணவு மாற்றம் 15 குறைத்தாலும் இலக்கு எட்டாது, மருந்து தேவைப்படும். மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதே நிலைதான். ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர் எண்ணெயை மாற்றிவிட்டேன் என்று மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது.

பலன் கிடைத்ததா என்று அளப்பது

எல்டிஎல் ஒரே மனிதருக்கு வாரத்துக்கு வாரம் எதுவும் மாற்றாமலே 8% அளவுக்கு ஏறி இறங்கும். 150 என்பது 12 அளவு அசையலாம் என்று பொருள். கால்சியம் மாத்திரை தரும் 5ஐ ஒற்றைப் பரிசோதனையில் கண்டுபிடிக்கவே முடியாது. "மாத்திரை போட்டேன், 10 குறைந்தது" என்ற அனுபவங்களில் பலவும் இந்த இயல்பான ஆட்டம்தான். எனவே மாற்றத்துக்கு முன் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பாருங்கள். மாற்றத்துக்குப் பின் 6 வாரம் கழித்து மீண்டும் இரண்டு முறை. ஒரே ஆய்வகத்தில் செய்வது நல்லது. காய்ச்சல், அறுவை சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் கொலஸ்ட்ரால் தாழ்ந்து காட்டும். அப்போது எடுத்த எண்ணை வைத்து மகிழ வேண்டாம். பல ஆய்வகங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கிறார்கள். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது, நேரடி அளவு கேட்க வேண்டும்.

ஆறு வாரத்தில் மாற்றுவது ஒன்றாக மட்டும் இருக்கட்டும். எண்ணெய், உமி, கால்சியம் மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே மூன்றையும் ஆயுளுக்கும் சுமக்க வேண்டிவரும். எண்ணெயை மாற்றியும் 5க்குக் குறைவாகவே இறங்கியிருந்தால், வெளியே சாப்பிடுவதையும் பொட்டலத் தின்பண்டங்களையும் ஒரு வாரம் எழுதிவைத்துப் பாருங்கள். பிஸ்கட், கேக், வறுவல் வகைகளில் பாமாயிலும் வனஸ்பதியும், ஐஸ்கிரீமில் பால்கொழுப்பும் தாராளமாக இருக்கும். அடுப்பில் குறைத்த 15 கிராம் நிறைவுற்ற கொழுப்பு அநேகமாக அந்த வழியாகத்தான் திரும்பி வந்திருக்கும்.